வெள்ளிக்கிழமை ஆனைமலை

"உனக்கு எங்க போகோணும் கண்ணு?" என்று சித்தப்பா கேட்டார்.

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. பீளமேட்டு வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து எந்த நாள் எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஊட்டி முடிவாகிவிட்டது. சிறுவாணிப் பக்கத்து அருவியும் முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதான் பாக்கி. நான் காலிக் காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்காவைக் கேட்டா கிச்சனுக்குப் போகணும்னு சொல்லும் டாடி" என்றாள் சித்தப்பாவின் மகள் நவ்யா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "ஆனைமலை" என்றேன். "மாசாணியம்மன் கோயில்."

"பாரு, ஊமையாட்ட இருந்துட்டு நல்ல இடமாச் சொல்லுது" என்றார் சித்தப்பா. "அப்படியே ஆழியார் டேமையும் பார்த்துப்போட்டு வந்தரலாம்."

பெரியம்மா மறுப்பார் என்று நினைத்தேன். ரங்கம்மாள் பெரியம்மா சரி என்றால்தான் எங்கள் வீட்டில் எதுவும் நடக்கும். அவர் வெற்றிலையை மடித்தபடி, "போலாம். எனக்கும் அங்க ஒரு வேலை இருக்குது" என்றார். அது என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் தம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு எழுந்தேன்.

ஆனைமலையில் என் அக்கா இருந்தாள்.

அக்கா கோதை, தனக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த எபினேசரைக் கல்யாணம் செய்துகொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. எங்கே இருக்கிறாள் என்று என்னைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. அவள் போன மறுநாள் பெரியப்பா என் பள்ளிக்கூடப் பையை எடுத்துப் பரணில் போட்டார். "ஒருத்தி படிச்சுக் கிழிச்சது போதும்" என்றார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அதன்பிறகு தயிர் வாங்கக்கூட கேட்டைத் தாண்டியதில்லை.

எங்களுக்கு ரவிக்கை தைக்கும் மெஹராஜ் அக்காவின் தங்கை ஆனைமலையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் தெருவில்தான் கோதை குடியிருக்கிறாள் என்று அளவெடுக்கும் சாக்கில் மெஹராஜ் அக்கா என் காதோடு சொல்லியிருந்தார். இந்த முறை துணி கொடுக்க வந்தபோது நான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை காலைல கோயிலுக்கு வாரோம்னு அவகிட்டச் சொல்ல முடியுங்களாக்கா?"

"சொல்லிப்போடறேன் அம்மணி. மிளகாய் அரைக்கற இடத்துல கூட்டமா இருக்கும், ஓரமா நிக்கச் சொல்றேன். நீ ரொம்ப நேரம் பேசிட்டு நிக்காத."

ரொம்ப நேரம் பேச என்னிடம் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான்: என்னையும் கூட்டிக்கொண்டு போ. ஊட்டியில் மற்றவர்கள் படகில் போனபோது கரையில் செருப்புகளுக்குக் காவல் இருந்தபடி அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அருவியில் ஈரத்துணி பிழியும்போதும் சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மெட்டடார் வேனில் ஜன்னல் ஓரமெல்லாம் குழந்தைகளுக்கு. நான் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில். பொள்ளாச்சி தாண்டித் தென்னந்தோப்புகள் வந்தன என்று நவ்யா சொல்லித்தான் தெரிந்தது.

கோயில் வாசலில் பெரியம்மா முதல் காரியமாகக் காய்ந்த மிளகாய் வாங்கினார். தங்களுக்குக் கெடுதல் செய்தவர்களை அம்மன் தண்டிக்க வேண்டும் என்று மிளகாய் அரைத்து அங்கே இருக்கிற கல்லில் பூசுவார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் அந்த மிளகாய்ப் பொட்டலத்தை அவர் என் கையில் கொடுத்தார்.

"கன்னிப்பொண்ணு அரைச்சா அம்மன் சீக்கிரம் கேட்பான்னு சொல்றாங்க. உக்காரு."

"நான் எதுக்குங்க பெரியம்மா?"

"வேற யாரு அரைக்கறது? அவனால படிப்புப் போனது உனக்குத்தானே."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் வளையலைப் பார்த்தாள். பின்னால் வரிசை நெருக்கியது. "சீக்கிரமுங்க, நாங்களும் பஸ்சுக்குப் போகோணும்" என்றது ஒரு குரல். நான் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்து, குழவியை இழுத்துத் தள்ளினேன். நெடி ஏறித் தும்மல் வந்தது.

"சும்மா அரைச்சா ஆச்சா? பேரைச் சொல்லோணும்."

வாயைத் திறக்காமல் அரைத்தேன். பெரியம்மா என் தோளில் கை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார், அவ்வளவுதான். "பயப்படாத. எங்கக்காளைக் கூட்டிட்டுப் போன எபினேசரு குடும்பம் உருப்படக்கூடாதுன்னு சொல்லு. அம்மனுக்குக் கேக்கற மாதிரி."

மெல்லச் சொன்னேன்.

"இன்னொருக்கா."

சத்தமாகச் சொன்னேன். கை ஓய்ந்துவிடாமல் குழவியைத் தள்ளிக்கொண்டே சொன்னேன். இது முடிந்தால்தானே எழுந்து அக்காவைத் தேட முடியும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தலை நிமிர்ந்தபோது அவள் அம்மிகளுக்கு அந்தப்புறம் நின்றாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கழுத்தில் மஞ்சள்கயிறு இல்லை, ஒரு மெல்லிய சங்கிலி. இடுப்பில் குழந்தை. குழந்தை இருக்கிறது என்று மெஹராஜ் அக்கா எனக்குச் சொல்லவில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டு வரை சிவந்திருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்கள் எரிந்து நீர் கொட்டியது. துடைக்க முடியவில்லை. தோளில் பெரியம்மாவின் கை இன்னும் இருந்தது.

குழந்தை இருமியது. அக்கா சேலைத் தலைப்பால் அதன் முகத்தை மூடினாள். திரும்பி, தேங்காய்க் கடைகளுக்கு நடுவே நடந்து போய்விட்டாள்.