நாலு பேர் திருகும் சக்கரம்

விடியுமுன்பே மதகுக்காரர் மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க இருநூறு வருஷத்துக்கு முன் கட்டிய ஏரி அது. மதகுக் கம்பிகளில் சிக்கும் களையை இன்றும் மனிதக் கைதான் பிடுங்க வேண்டும். பக்கத்தில் அவருடைய மச்சான், களைக்காரி, அவள் புருஷன். எல்லோருக்கும் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. நாரைகள் மேற்பார்வையாளர்களைப்போல ஒற்றைக்காலில் நின்று வேடிக்கை பார்த்தன.

எட்டு மணிக்குப் புதுப் பறவைச் சரணாலயத்தின் நிர்வாகி, குமாஸ்தாவோடு வந்தார். கழுத்தில் தொலைநோக்கி, அதன் மூடியை இதுவரை கழற்றியதில்லை.

"ஞாயித்துக்கிழமை சரணாலயத் திறப்பு விழா. பெரிய விருந்தாளி ஒருத்தர் படகுல போய்ப் பறவை பாக்கறார். மதகை மூடுங்க, தண்ணி ரெண்டடி ஏறணும்."

"ஏறினா நாணல்ல இருக்கிற கூடெல்லாம் முழுகிடும் சார்," என்றாள் களைக்காரி.

"பறவைக்கு நீந்தத் தெரியும்மா."

"முட்டைக்கு?"

நிர்வாகி பதிலுக்கு ஒரு காகிதத்தை எடுத்தார். இவர்கள் குடியிருக்கும் மதகடி வீடுகள் மூன்றும் மாதக் கடைசிக்குள் காலி. மனித நடமாட்டம் பறவைகளுக்கு ஆகாதாம். பிறகு அங்கே பறவை ரசிகர்கள் தங்குவார்களாம். அவர்கள் மனிதர்களில் சேர்த்தியில்லை போலிருக்கிறது.

மதகுக்காரரை மட்டும் தனியே கூப்பிட்டுத் தோளில் கைபோட்டார். ஈரம் பட்டதும் எடுத்துக்கொண்டார்.

"உனக்குக் காவலாளி வேலை. உன் வீடு உனக்கே. இன்னிக்கு மதகை மூடிக் கொடு."

வீட்டில் மகள் நிறைமாதம். 'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மதகை மூடும் சக்கரத்தைத் திருக நாலு பேர் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அசையாது. மற்ற மூவரிடமும் போனார். மறைத்துப் பேச உடம்பில் தெம்பில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார்.

மச்சான் காறித் துப்பினான். "எங்களைத் துரத்த எங்க கையையே கடன் கேக்கறானா?"

களைக்காரி கையில் ஒட்டிய களையை உதறினாள். "புள்ளை நிறைமாசமா இருக்கு. நீங்க சொன்னா திருகறோம், அண்ணே."

 மதகுக்காரர் அவள் விரல்களையே பார்த்தார்.

"நீங்கள்லாம் போயிட்டா நான் யாரோட சண்டை போட்டுக் காலம் தள்றது? வேணாம், தங்கச்சி."

நாலு பேரும் சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நிர்வாகியும் குமாஸ்தாவும் அதில் தொங்கிப் பார்த்தார்கள். சக்கரம் பதவியை மதிக்கவில்லை.

"நாளைக்கே வெளியாளைக் கூட்டிட்டு வரேன்!" என்று மூச்சிரைத்தார் நிர்வாகி.

"கூட்டிட்டு வாங்க சார். அவங்களும் கூலிக்காரங்கதானே, பேசிப் பாக்கறோம்," என்றார் மதகுக்காரர். குரலில் வீறாப்பு இல்லை. முதுகு வலிதான் இருந்தது.

கால்வாயில் சரக்கோடு வந்த படகோட்டி இரைச்சல் கேட்டுப் படகை நிறுத்தினான். விஷயத்தை விசாரித்தான். கயிற்றை முளையில் கட்டிவிட்டு மேலேறி வந்தான்.

"இடம் இருக்கா?"

"நெருக்கி உக்காருங்க," என்றாள் களைக்காரி, "இன்னும் ஆள் வரும்."