ஸ்பேர் ட்யூப்

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே லிஃப்ட்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலுக்கும் பால்கனிக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். ஊரில் பாதி அடுக்குமாடிகளின் லிஃப்ட்டுகள் அவர் கை பட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக, "பதறாதீங்க, இதோ வெளிய எடுத்துடறேன்" என்று பேசியே பாதி பயத்தைப் போக்கிவிடுவார். தன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டால் என்ன பேசுவது என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மாட்டிக்கொண்ட கதை இதுதான். மகளுக்குக் கடலோர ஊர் ஒன்றில், கப்பல் கட்டும் இடத்தில் வேலை கிடைத்தது. இரும்புத் தகடுகளைப் பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நல்ல வேலை, நல்ல சம்பளம், ஒரு ராத்திரி ஒரு பகல் ரயில் பயணம். "அவ்வளவு தூரம் போய்த்தான் விரிசல் பாக்கணுமா?" என்று இவர் ஒரு வார்த்தை விட்டார். அவள் பதிலுக்கு நாலு விட்டாள். கடைசியில் இவர், "போறதா இருந்தா போ, என்னை எதுக்குக் கேக்கறே?" என்று சொல்லிவிட்டு டிவியைச் சத்தமாக வைத்தார். அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் அம்மாதான் தபால்காரர்.

"அப்பா சாப்பிட்டாச்சான்னு கேளும்மா."

"ஆச்சுன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் ஒரே மேஜையிலதானே உக்காந்திருக்கீங்க? எனக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்புங்க" என்று மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இன்று காலை ஒன்பதரைக்கு ரயில். இவர் விடியற்காலையில் சைக்கிளை ஹாலுக்கு உருட்டி வந்து காற்றடிக்க ஆரம்பித்தார். ஞாயிறு தவறாமல் ஆற்றங்கரைச் சாலையில் ஒரு சுற்று போவது வழக்கம்தான். ஆனாலும் இன்றைக்கா என்று நாற்காலியே கேட்டிருக்கும். வீட்டில் இருந்தால் மகளின் பெட்டியைப் பார்க்க வேண்டும். அதைவிட டயரைப் பார்ப்பது சுலபம்.

அப்போதுதான் மகள் பல் துலக்கின ஈர முகத்தோடு வந்து எதிரில் நின்றாள். தபால்காரர் அடுப்படியில் இருந்தாள்.

"அப்பா, போகட்டுமா?"

நேரடியாகக் கேட்டுவிட்டாள். பதில் சொல்வதற்குப் பதிலாக இன்னொரு முறை பம்ப்பை அமுக்கினார். இன்னொரு முறை. ஒரு டயருக்கு வேண்டிய காற்றும் போய், அடுத்த வாரத்துக் காற்றும் உள்ளே போனது. பம்ப் சத்தம் நிற்காததைப் பார்த்து அவள் உள்ளே போய்விட்டாள். இவர் தன் மேலேயே வந்த கோபத்தில் பம்ப்பின் மூக்கை வால்விலிருந்து கோணலாகப் பிடுங்கினார். கறுப்பு டவுசரை இழுத்துவிட்டுக்கொண்டு, "எட்டு மணிக்குள்ள வந்துடுவேன்" என்று அடுப்படியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்த டவுசரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பின்பக்கம் மெத்தை வைத்தது. மற்ற எல்லாப் பக்கமும் ஒட்டிப் பிடிப்பது. அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது தன் தொப்பை தனி வீட்டுக்குக் குடி போனது மாதிரித் தெரியும் என்பது அவருக்கே தெரியும். ஷூ அதற்கும் மேல். அடியில் ஒரு கொக்கி. பெடலில் மாட்டினால் காலும் சைக்கிளும் ஒன்று. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இதை மறந்து முதல் மாசம் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும், வெட்டின மரம் சாய்வது போல, அவசரமே இல்லாமல் சாய்ந்து விழுந்திருக்கிறார். ஒருநாள் பஸ் ஜன்னலில் ஒரு அம்மாள், "பாவம், மயக்கம் போல" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். மயக்கம் என்றாவது ஒரு மரியாதை இருக்கட்டுமே!

ஆனால் கால் பழகி, விடியற்காலைக் காற்று முகத்தில் அறைய, காலியான சாலையில் சக்கரம் சர்ரென்று பாடும்போது வருகிற சுகத்தை யாரிடமும் விளக்க முடியாது. ஞாயிறு காலையில் ஆற்றங்கரைச் சாலையையும் பாலத்தையும் கார்களுக்கு அடைத்துவிடுவார்கள். அதில் மூன்று பேர் கூட்டணி: முன்னால் பல் டாக்டரம்மா, பின்னால் வக்கீல், நடுவில் இவர். முன்னால் போகிறவர் பள்ளத்தைப் பார்த்தால் கையைக் காட்டிக் "குழி!" என்று கத்த வேண்டும், அடுத்தவர் அதைப் பின்னால் அனுப்ப வேண்டும். யாராவது நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இந்த இரண்டாவது சட்டம் இவரே போட்டது. ஒருமுறை செயின் கழன்று தனியாக நின்றபோது பிறந்த ஞானம்.

இன்றைக்கு வண்டி ஓடியதே தவிர மனசு ஓடவில்லை. பாலத்தில் ஏறும்போதே அவருக்குத் திரும்பிவிடலாமா என்று இருந்தது. திரும்பிப் போய் என்ன சொல்வது? போ என்பதா, போகாதே என்பதா? இரண்டில் ஒன்றுக்குத்தான் அனுமதி உண்டு, அதுவும் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

"குழி!" என்றார் டாக்டரம்மா.

"குழி!" என்று பின்னால் அனுப்பிவிட்டு, இவர் நேராக அதிலேயே இறங்கினார்.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். புறாக்கள் கிளம்பின. வக்கீல் பிரேக் பிடித்து, "தகவல் சொன்னவரே குழியில விழுந்தா சாட்சிக்கு யாரைக் கூப்பிடறது?" என்றார்.

டயரைக் கழற்றிப் பார்த்தார்கள். வால்வு அடியோடு பிய்ந்து கையோடு வந்தது. காலையில் அடித்த அடுத்த வாரக் காற்றும், கோணலாகப் பிடுங்கியதும் சேர்ந்து செய்த வேலை. வேறு இடத்தில் ஓட்டை என்றால் ஒட்டலாம். வால்வு அடியில் கிழிந்தால் ஒட்டவே முடியாது.

"ஸ்பேர் ட்யூப் இருக்குல்ல? மாத்துங்க, பத்து நிமிஷ வேலை" என்றார் டாக்டரம்மா.

அவர் சீட்டுக்கு அடியில் தொங்கிய குட்டிப் பையைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். பை காலி.

நேற்றுச் சாயங்காலம் மகளுடைய பெட்டியின் பூட்டு உடைந்துவிட்டது. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் இவர் யாருக்கும் தெரியாமல் பெட்டியை மூடி, எதனால் கட்டலாம் என்று தேடினார். கயிறு அறுக்கும், பட்டை நழுவும். ட்யூப்தான் இழுத்துப் பிடிக்கும். புத்தம்புது ட்யூபைப் பிரித்து, பெட்டியைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, லிஃப்ட் வேலையில் பழகின முடிச்சு ஒன்றைப் போட்டார். ராத்திரியே வேறு ட்யூப் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

"உங்களுது ஒண்ணு குடுங்களேன்" என்றார்.

டாக்டரம்மாவின் ட்யூபுக்கு வால்வு தடிமன். இவருடைய சக்கரத்தின் துளையில் நுழையாது. வக்கீலின் டயரில் ட்யூபே கிடையாது. ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கிற பசையே அடைத்துக்கொள்ளும் என்று ஆறு மாசமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தவர், இப்போது முதல்முறையாக அந்தப் பேச்சை எடுக்காமல் ஆற்றைப் பார்த்தார்.

"சரி, உருட்டிக்கிட்டே போலாம். நமக்கென்ன, ரயிலுக்கா போறோம்?" என்றார் வக்கீல்.

லிஃப்ட்காரர் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரயிலை, பெட்டியை, பம்ப்பை, அவள் கேட்டதை, இவர் சொல்லாததை.

டாக்டரம்மா அவரை, சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஏன் சார், ஒரு வார்த்தைதானே? வாயைத் திறக்கறதுக்கு உங்களுக்கும் ஊசி போடணுமா? என் சைக்கிளை எடுங்க. உருட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறதுக்குள்ள அவங்க கிளம்பிடுவாங்க. ஸ்டேஷன் ஆத்துக்கு இந்தப் பக்கம்தான். கிளம்புங்க!"

"நீங்க?"

"யாராவது நின்னா எல்லாரும் நிக்கணும். நீங்க போட்ட சட்டம்தானே? இங்க உங்க சைக்கிள் நிக்குது."

டாக்டரம்மா குள்ளம், சைக்கிளும் அப்படியே. முன்னால் ஒரு கூடை வேறு. லிஃப்ட்காரர் மிதிக்க மிதிக்க முழங்கால் இரண்டும் மாறி மாறித் தொப்பையைக் குத்தின. கொக்கி ஷூ சாதாரணப் பெடலில் வழுக்கியது. கார் ஓடும் சாலைக்கு வந்ததும் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இவர் கிணிங் கிணிங் என்று பதில் கொடுத்தார். சிவப்பு விளக்கில், கால் எங்கும் மாட்டியே இருக்கவில்லை என்றாலும், பழக்கதோஷத்தில் குதிகாலைத் திருப்பி, நிலை தடுமாறி, கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்.

ஸ்டேஷனில் சைக்கிளை நிறுத்த இடம் தேடவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு படி ஏறினார். வழுவழுப்பான தரையில் கொக்கிகள் டக் டக் என்று குதிரை மாதிரி ஓடின, பிறகு ஓடாமல் சறுக்கின. ஷூவைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுக் காலுறையோடு ஓடினார். பிளாட்பாரத்தில் கூட்டம் தானாக வழிவிட்டது. அந்தக் கோலத்தில் வருகிற ஆளுக்கு யார்தான் வழிவிட மாட்டார்கள்?

மகள் ரயில்பெட்டியின் வாசற்படியில் நின்றாள். அவள் காலடியில் சூட்கேஸ், சுற்றிலும் கறுப்பு ட்யூப். கீழே மனைவி, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு. அந்த அழைப்பு இவருடைய முதுகுப் பையில் அடித்துக்கொண்டிருந்தது.

"சைக்கிள் யாரோடதுப்பா?" என்றாள் மகள்.

"பல் டாக்டரோடது."

"பல்லு போயிடுச்சா?"

"ட்யூப் போயிடுச்சு."

"ஸ்பேர் வெச்சிருப்பீங்களே?"

அவர் சூட்கேஸைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அம்மாதான் கட்டினாள் என்று அவள் இதுவரை நினைத்திருந்தது முகத்தில் தெரிந்தது.

"காலையில கேட்டியே" என்றார் அவர், மூச்சு வாங்க.

"ஆமா."

"போ."

சொன்னதும் அது நாயை விரட்டுவது போலக் காதில் விழுந்தது. "இல்ல, அப்படி இல்ல. போய்ட்டு வா. நல்லபடியா போய்ட்டு வா."

"சந்தோஷமா சொல்றீங்களா?"

"சந்தோஷமால்லாம் இல்ல." கூடையில் இருந்த ஷூவைச் சரிசெய்தார். "ஆனா மனசாரச் சொல்றேன்."

மகள் இறங்கி வந்து அவர் தோளில் முகத்தை வைத்தாள். நடுவில் ஒரு ஹேண்டில்பார் இடித்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. பிறகு அவள் குனிந்து முடிச்சைப் பிரிக்கப் போனாள். "அங்க உங்க கூட்டாளிங்க உங்களுக்காக வெயில்ல நிப்பாங்களே, எடுத்துட்டுப் போங்கப்பா. நான் துப்பட்டாவால கட்டிக்கறேன்."

"தொடாதே! அவுந்தா உள்ள இருக்கறதெல்லாம் தண்டவாளத்துலதான். அவங்க நிக்கட்டும். வண்டி கிளம்பப் போகுது, ஏறு." அவள் படியில் கால் வைத்தபோது, பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அவர் கண்ணில் பட்டது. தன்னை அறியாமல் கையை நீட்டி, "குழி!" என்று கத்தினார்.

நாலு பேர் துள்ளி விலகினார்கள். மகள் சிரித்துச் சிரித்துக் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரயில் நகர்ந்தது.

"போதும், டவுசரோட அழாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மனைவி. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அவர் பாலத்துக்குத் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. இரண்டு பேரும் அவர் சைக்கிளுக்குக் காவலாக அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"ட்யூப் எங்க?" என்றார் வக்கீல்.

"ஊருக்குப் போயிடுச்சு."

"சொல்லியாச்சா?" என்றார் டாக்டரம்மா.

"ஆச்சு."

மூன்று பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார்கள். லிஃப்ட்காரருக்கு இன்னும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மூன்று அடிக்கு ஒருதரம் திரும்பித் தண்டவாளப் பக்கம் பார்த்தார். பாலத்தின் பாதியில் கைப்பேசி அடித்தது.

"அப்பா, பெட்டி திறக்கவே மாட்டேங்குது. எப்படிக் கட்டினீங்க? அம்மா நேத்து வெச்சுக்கொடுத்த முறுக்கெல்லாம் உள்ள இருக்கு!"

"பதறாதே" என்றார் அவர். வக்கீல் பக்கம் தன் ஹேண்டில்பாரை நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "முதல்ல வால்வு எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு. பாத்தியா? அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வளையம் இருக்கும். இழுக்காதே, இழுத்தா இறுகும். உள்பக்கமா தள்ளு. இல்லம்மா, மெதுவா. அவசரமே இல்ல, நான் லைன்லயேதான் இருக்கேன்..."