ஒரு பல் குறைந்த பாட்டு

ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் மகள் இன்னொருத்தியை "அம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் சிகுசா. ஒவ்வொரு "அம்மா"வுக்கும் அவளுக்கு வயிறு எரிந்தது. மதோகாவைப் பெற்றவள் இவள்தான். ஆனால் விவாகரத்தின்போது பிள்ளை தகப்பன் வீட்டோடு போய்விட்டது. அங்கே இரண்டாம் தாரமாக வந்து வளர்த்தவள் சுமியே என்பவள். அடுத்த மாதம் மதோகாவுக்குக் கல்யாணம். மண்டபத்தில் எல்லார் முன்னாலும் மணப்பெண் தன் அம்மாவுக்கு ஒரு பரிசு கொடுப்பது ஜப்பானிய வழக்கம். அதைத் தன் கையாலேயே செய்யத்தான் மதோகா இந்தச் சுவா ஏரிக்கரை இசைப்பெட்டி அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தாள். சிகுசாவையும் கூட வரச் சொன்னாள், பெரிய மனசு. கல்யாணத்தில் சிகுசாவுக்கு இடம் தூரத்துச் சொந்தங்களின் மேசையில்.

உள்ளே நுழைந்ததிலிருந்து சுமியேவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தானே வயலின் வாசிக்கும் பெட்டி முன்னால் நின்று சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

"அக்கா, இங்க வாங்களேன்! வில்லு தானா போகுது பாருங்க!"

யாருக்கு யார் அக்கா? சிகுசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? இந்த வெள்ளந்தி முகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி தன் பிள்ளையைப் பறித்துக்கொண்டாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பட்டறை மேசையில் மதோகா ஒரு தாலாட்டைத் தேர்ந்தெடுத்துச் சாவி கொடுத்தாள். முள் வைத்த உருளை சுழன்று, எஃகுச் சீப்பின் பற்களை ஒவ்வொன்றாக மீட்டியது. முதல் வரியிலேயே அது எந்தப் பாட்டென்று சிகுசாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இது இல்லையே," என்றாள் மதோகா. "அம்மா, நீ பாடுறப்ப நடுவுல ஒரு இடத்துல நிக்கும்ல? இதுல அங்க ஏதோ சத்தம் வருது."

சுமியே வெட்கப்பட்டாள். "எனக்கு எங்கடி பாட்டு தெரியும்? நான் வந்த புதுசுல ராத்திரியானா நீ ஒரே அழுகை. அலமாரியில ஒரு பழைய பெட்டி கிடந்துச்சு. அதைத் திருகிவிட்டாத்தான் அடங்குவ. கேட்டுக் கேட்டு வந்ததுதான். நிக்கிறதும் பாட்டுல சேர்ந்ததுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

வயிற்றில் மதோகா இருந்தபோது சிகுசா வாங்கிய பெட்டி அது. நடக்கப் பழகிய மதோகா அதைக் கீழே போட்டதில் ஒரு பல் முறிந்தது. அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் சிகுசாவே "ம்" என்று இழுத்து நிரப்புவாள். குழந்தை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கும்.

அது என் பெட்டி. மூன்றே வார்த்தை. சொன்னால் சுமியேயின் சிரிப்பு அங்கேயே செத்துவிடும். சொல்ல நாக்கு துடித்தது.

மதோகா பட்டறைப் பணிப்பெண்ணிடம் சீப்பைக் காட்டினாள். "இந்த ஒரு பல்லை மட்டும் எடுத்துடுங்க."

"எடுத்தா மறுபடி ஒட்ட முடியாதுங்க."

"பரவாயில்ல. எங்கம்மா பாட்டு அப்படித்தான்."

இடுக்கி ஒருமுறை கடித்தது. மதோகா சாவி கொடுத்து, பெட்டியைச் சுமியேயின் உள்ளங்கையில் வைத்துக் குனிந்து கேட்டாள். சிகுசா வாயை இறுக மூடிக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது.

"ம்," என்றது தொண்டை, மூடிய வாய்க்குள்ளிருந்தே.

பெட்டி அடுத்த வரிக்குப் போய்விட்டது. சுமியேயின் சிரிப்பு பாதியில் நின்றது. மதோகா பெட்டியைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, சிகுசாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.