பதினெட்டாவது வில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரண்டு யூரோவுக்கு வாங்கினேன். முதல் உலகப்போரில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, எங்கள் ஜெர்மன் ஊரான வெல்பெர்ட்டில் ஒரு பூட்டுத் தொழிற்சாலை சம்பளம் போடத் தானே அடித்துக்கொண்ட துத்தநாக வில்லை. மதிப்பு பத்து ஃபெனிக், அந்தக் காலச் சில்லறைக் காசு. வீடு வரும்வரை கையைவிட்டு இறக்கவில்லை. அடேயப்பா, என்ன சந்தோஷம்!

2

'1917 பிப்ரவரி. பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த...'

(வேண்டாம். பனி இல்லாமல் ஆரம்பிக்கத் தெரியாதா எனக்கு?)

அந்தப் பூட்டு ஆலையில் வேலை பார்க்கும் ஹெட்விக், ரயில் நிலைய டிக்கெட் சன்னலில் மூன்ஸ்டர் டிக்கெட்டுக்குப் பதினெட்டு வில்லைகளைக் கொட்டினாள்.

"ஏம்மா, இது ஆலைக்குள்ளதானே செல்லும்? ரயில் என்ன உங்க மொதலாளியோடதா?" என்றார் டிக்கெட் கொடுக்கும் புருன்ஸ்.

"சம்பளமே இதுலதான் தர்றாங்க, நான் என்ன பண்ண? மூன்ஸ்டர் பட்டாள ஆஸ்பத்திரில நாளைக்கு என் வீட்டுக்காரரோட வலது கால எடுக்கப்போறாங்க. அவரு கண்ணு முழிக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும்யா!"

ரயிலுக்கு ஆறே நிமிடம்.

3

புருன்ஸை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஏனென்றால்... (இருங்கள், இருங்கள், வந்துவிட்டது!) அந்தக் குளிர்காலத்தில் ஊரே மாட்டுக்குப் போடும் டர்னிப்பைத் தின்றுகொண்டிருந்தது. உருளைக்கிழங்கு வந்தது ஆலைக் கடைக்கு மட்டும். அங்கே அரசாங்கக் காசு செல்லாது, வில்லைதான் செல்லும்!

புருன்ஸ் குரலைத் தாழ்த்தினார். "கெழங்கு வந்திருக்கா?"

"இன்னிக்குத்தான் ரெண்டு மூட்டை எறங்குச்சு."

"மூணு வாரமா டர்னிப்பு. என் பொண்டாட்டி மொகத்துல முழிக்க முடியல."

அவர் கல்லாவைத் தொடவில்லை. சொந்தப் பையைக் கவிழ்த்தார். ஒன்றுக்கு ஒன்றாக மாற்றினார்கள். பதினேழு நல்ல காசு. அதோடு பை காலி.

"இன்னும் ஒண்ணு வேணுமே!"

"சத்தியமா இல்லம்மா. வரிசையில கேட்டுப் பாரு."

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஹெட்விக் டிக்கெட் இல்லாமலே ஏறி... இன்னொன்றில் ரயில்...

மூன்றையும் கிழித்துவிட்டேன். பதினேழு வில்லைகள் கிழங்காகிவிட்டன. பதினெட்டாவது இதோ என் மேசையில் கிடக்கிறது, நான் எழுதிய எந்த முடிவுக்கும் மசியமாட்டேன் என்கிறது.

வரிசையில் அவளுக்கு அடுத்து நிற்பது நீங்கள்தான். உங்கள் பையில் பத்து ஃபெனிக் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். நான்தான் வைத்தேன். விசில் ஊதிவிட்டார்கள். ஹெட்விக் திரும்பி வில்லையை உங்களிடம் நீட்டுகிறாள்.

"மாத்தித் தர்றீங்களா?"