மாப்பிள்ளைக்குப் புகைப் பரிசோதனை

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். ஒன்று நான் ஓட்டுகிற வேன். ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு போய், வெளுத்த துணியைத் திருப்பிச் சேர்க்கிற வேலை எனக்கு. ராத்திரியில் அது தெருவில் நனைந்துகொண்டு நிற்கும். இன்னொன்று, என் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்த பழைய கார். அது ஷெட்டுக்குள், போர்வைக்கு அடியில் இருக்கும். நான் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. எனக்குக் கிடைக்காத உபசாரமெல்லாம் அதற்குக் கிடைக்கிறதே என்ற வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். துடைத்துத் துடைத்துப் பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைத்து, கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை ஓட்டி, வீட்டுக்கு வந்து மறுபடியும் துடைப்பார். நான் ஏறினால் ஒரே பாட்டுத்தான்: "கதவை மெதுவா சாத்து!" சாவியை ஒரு தடவைகூட என் கையில் கொடுத்ததில்லை.

மாப்பிள்ளையின் வருடாந்தரப் பரிசோதனைக்கு அன்று கடைசி நாள். எனக்கு விடுமுறை என்பதால் துணைக்குக் கூப்பிட்டார். பரிசோதகர் புகைக்குழாயில் மெல்லிய குழல் ஒன்றைச் செருகி, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, திரையைப் பார்த்தார்.

"புகையில நச்சு அதிகமா இருக்கு சார். ஃபெயில்."

பக்கத்து வரிசையில் ஒரு ஓட்டை லாரி இருமிக்கொண்டே பாஸாகிப் போனது. வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அதுக்குப் பாஸ், இதுக்கு ஃபெயிலா?"

"அதுக்கு இந்த ஊர் அளவு சார். இறக்குமதி வண்டின்னா, அது தயாரான நாட்டுல என்ன அளவோ அதுதான் இங்கயும். புது விதி. உங்க வண்டிக்கு ரொம்பக் கறாரான அளவு."

"இப்ப என்ன பண்றது?"

"சாயங்காலம் மூடறதுக்குள்ள இன்னொரு தடவை கொண்டுவரலாம். அதுலயும் போச்சுன்னா ரோட்டுல ஓட்ட முடியாது. தலைமை ஆய்வகத்துக்கு ஏத்தி அனுப்பிடுவோம். அங்க போன வண்டி லேசுல திரும்பாது."

அவர் முகம் செத்துப்போய்விட்டது. கிண்டல் பண்ண வாயெடுத்த நான் அடக்கிக்கொண்டேன். பாவமாக இருந்தது.

பரிசோதகர் குனிந்து காரின் அடியைப் பார்த்தார். "வண்டியை எவ்வளவு ஓட்டுவீங்க?"

"கடைத்தெரு வரைக்கும்."

"அதான். இதுக்குள்ள புகையைச் சுத்தம் பண்ற டப்பா ஒண்ணு இருக்கு. அது நல்லா சூடானாத்தான் வேலை செய்யும். உங்க வண்டி சூடே ஏறினதில்ல. பைபாஸ்ல ஏத்தி, கியரைக் குறைச்சு நல்லா விரட்டுங்க. ஆஃப் பண்ணாம நேரா இங்க வாங்க."

பைபாஸில் அவர் ஓட்டிய அழகை என்ன சொல்ல! பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். எஞ்சின் கொஞ்சம் உறுமினால் போதும், காலை எடுத்துவிடுவார்.

"அழுத்துங்க!"

"அதுக்கு வலிக்கும்டி."

நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். "என்னால முடியல."

"எஞ்சின் ஓடட்டும். நீங்க இறங்குங்க."

"உனக்கு இந்த வண்டி பழக்கமில்லையே."

"ஸ்டியரிங் வட்டமாத்தானே இருக்கு?"

இறங்கிச் சுற்றிவந்து என் இடத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது கியரில் வைத்து மிதித்தேன். மாப்பிள்ளை ஒரு நொடி திகைத்தான். பின்பக்கம் கறுப்பாக ஒரு மேகத்தைத் துப்பிவிட்டுப் பாய்ந்தான். இரண்டு லாரிகளைத் தாண்டினேன். சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் இதைக்கூடக் கொடுக்கவில்லையே என்று கோபமும் வந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்தே மிதித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். சாலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நீ எப்பவும் இப்படித்தான் ஓட்டுவியா?"

"தினமும்."

"எங்க கத்துக்கிட்ட?"

எனக்குச் சுருக்கென்றது. "ஒன்பது வருஷமா வேன் ஓட்டறேன். ஒரு நாளாவது அதுல ஏறி உட்கார்ந்திருக்கீங்களா?"

அவர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பி, பரிசோதனை நிலையத்துக்கு விட்டேன்.

பரிசோதகர் வாசல் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டு வந்தார். குழலைச் செருகி, திரையைப் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கினார். "பாஸ்! வாரத்துக்கு ஒரு தடவை இப்படி விரட்டுங்க மேடம்." மேடம் என்று என்னைத்தான் சொன்னார். வீட்டுக்காரர் பாஸ் ஸ்டிக்கரை வாங்கி, கண்ணாடி துடைக்கிற துணியால் ஓரங்களை நீவி நீவி ஒட்டினார். வீட்டுக்கும் நானே ஓட்டிவந்தேன். ஷெட்டில் போர்வையைப் போர்த்திவிட்டு, பேசாமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். ரொம்பத்தான் சொல்லிவிட்டோமோ என்று எனக்கு உறுத்தியது.

மறுநாள் காலை வேனைக் கிளப்பினேன். கடைக்குக் கிளம்பியவர் சாப்பாட்டுப் பையோடு வேன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கடை வரைக்கும் இதுல வரட்டுமா?"

பக்கத்து சீட்டில் கிடந்த கையுறைகளையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பின்னால் போட்டேன். பிடி எங்கே என்று தெரியாமல் கதவைத் தடவி, ஒருவழியாகத் திறந்து ஏறினார். பிறகு, மாப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரியே, கதவை மெதுவாகச் சாத்தினார். அது மூடவில்லை.

"ஓங்கி அடிச்சுச் சாத்துங்க" என்றேன். "இதுக்கு வலிக்காது."