ட்யூப்லைட்டில் பச்சையாகத் தெரிந்தவர்

“பச்சையா இருக்காரு. எங்க வீட்டுக்காரரு பாசி புடிச்ச மாதிரி இருக்காரு.”

“அக்கா, கடையில பார்த்துட்டு நல்லாயிருக்குன்னு சொன்னது நீங்கதானே?”

“கடையில நல்லாத்தான் இருந்தாரு. வீட்டுக்கு வந்ததும் உடம்புக்கு என்ன வந்துச்சு?”

தெருவே வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. நான் மட்டும் கையில் துடைப்பத்தோடு நின்றேன். வேலையாக இருப்பவளை யாரும் குறை சொல்ல முடியாதல்லவா. சத்தம் போட்டவர் எதிர்வீட்டுத் தையலக்கா. புருஷன் போய் மூன்று வருடம். அவருடைய ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி, மெஷினுக்கு மேலே சுவரில் மாட்ட ஆசைப்பட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டவர் பக்கத்துத் தெருவில் படம் அச்சடித்துக் கொடுப்பவர். விரலெல்லாம் கறை என்பதால் எங்களுக்கு மைக்காரர். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

“கறுப்பு மையை மட்டும் வெச்சு அடிச்சா என்னவாம்?”

“கன்னமெல்லாம் புள்ளி புள்ளியாத் தெரியும்க்கா. கலர் மையும் கலந்தாத்தான் சாம்பல் நிறம் வழவழன்னு வரும். அந்தக் கலவை கடை பல்புல பழுப்பாத் தெரியுது, உங்க ட்யூப்லைட்டுல பச்சையாத் தெரியுது.”

“அப்ப தப்பு என் லைட்டு மேல.”

மறுநாள் மைக்காரர் காகிதத் துண்டுகளோடு வந்தார். ஆறு துண்டு, ஆறிலும் அதே முகம். கம்ப்யூட்டரில் நெற்றியின் வெளிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு, நிழலில் மட்டும் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறாராம். ஒவ்வொன்றாகச் சுவரில் பிடித்துக் காட்டினார். ஜன்னலோரம் சரியாக இருந்தது விளக்கடியில் பச்சை. விளக்கடியில் சரியாக இருந்தது ஜன்னலோரம் சிவப்பு. நான் ஊசி கேட்கும் சாக்கில் உள்ளே போயிருந்தேன்.

“ரெண்டு வெளிச்சத்துக்கும் ஒண்ணு வராதுக்கா. நீங்க அவரை எப்பப் பார்ப்பீங்க?”

சாப்பிட்டாயா, தூங்கினாயா, மகள் போன் பண்ணினாளா என்று மூன்று வருடமாக அக்காவிடம் நாங்கள் கேட்காத கேள்வியில்லை. இது மட்டும், கேள்வி கேட்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்குக்கூடத் தோன்றவில்லை.

“பகல்ல தலை நிமிர நேரமிருக்காது. சாயங்காலம் மெஷினை மூடுவேன்ல, அப்பத்தான். அவரு வேலை முடிஞ்சு வர்ற நேரம் அது.”

“அப்ப ட்யூப்லைட்டுக்கே போட்டுடறேன். பகல்ல கொஞ்சம் சிவந்திருப்பாரு, வெட்கப்பட்ட மாதிரி.”

“அவரா? கல்யாணத்தன்னைக்கே வெட்கப்படலை. இப்பவாவது படட்டும்.”

ஐந்தாவது துண்டு தேறியது. படம் மாட்டிய பிறகு நிறம் நிற்கிறதா என்று பார்க்க மைக்காரர் சாயங்காலங்களில் வந்தார். வாரத்துக்கு எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை, ஏழு. அதில் ஒரு சாயங்காலம் ‘அக்கா’ உதிர்ந்துபோய், வெறும் ‘என்னங்க’ மிஞ்சியது.

அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டு, நாலு தெரு தள்ளி வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். முதல் புருஷனும் கூடவே போனார். அந்த வீட்டு வெளிச்சம் வேறு என்பதால், இரண்டாவது புருஷன் முதல் புருஷனை மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அப்போதும் சண்டை நடந்ததாம். கதவைச் சாத்திக்கொண்டு போட்டதால் விவரம் தெரியவில்லை.