கெட்டுப்போன மெமரி

மெமரியில் பழுது வந்தால் கணினி இன்டரப்ட் என்னும் அவசரச் சைகை அனுப்பி, இயங்குதளத்தின் மையமான கெர்னலை உலுக்க வேண்டும். அந்த உலுக்கலைக் கவனிக்கும் நிரலை எழுதியவள் காலையிலிருந்து காத்திருந்தாள், ஓர் இன்டரப்ட்கூட வரவில்லை. நேற்றுவரை வந்ததே! எழுதிய வரிகளையெல்லாம் பிரித்து மேய்ந்தாள். தலை சுற்றியதுதான் மிச்சம்.

திரும்பினால், ரிப்பேர் அண்ணன் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"உன் மெஷின்ல மெமரி ஒண்ணு கெட்டுக் கிடந்துச்சும்மா. புதுசு போட்டுட்டேன்."

"ஐயோ அண்ணே! சோதிச்சுப் பாக்கறதுக்குன்னே தேடிப் பிடிச்சுப் போட்ட கெட்ட மெமரி அது! எங்க வெச்சீங்க?"

"உடைச்சுக் குப்பையில போட்டேனே."

நன்றி சொல்வதா, நாலு திட்டு திட்டுவதா? அவளுக்குப் புரியவில்லை. அண்ணனுக்கோ அதைவிடக் குழப்பம். தலையைச் சொறிந்தார்.

"வேணும்னா, புதுசையும் கெடுத்துத் தரட்டுமாம்மா?"